நடப்பு வட்டி

2021 பிப்ரவரி 1, திங்கட்கிழமை. காலை ஆறரை மணிக்கு என் மேலாளர் போன் பண்ணினார். "மியன்மார் அறிக்கை அனுப்பியாச்சா?" வெள்ளிக்கிழமை சாயங்காலமே அனுப்பிட்டேன் சார் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "டிவியைப் போட்டுப் பாரு" என்று வைத்துவிட்டார்.

டிவியில் ராணுவ வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஆங் சான் சூச்சி கைது. நாடாளுமன்றம் கூட வேண்டிய நாளில் அந்த ஊரில் இணையம் அறுந்திருந்தது. என் அறிக்கையில் அந்த நாட்டுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருந்தேன். மஞ்சள் என்றால் 'கவனத்தோடு முதலீடு செய்யலாம்'. பக்கத்தில் மேல்நோக்கி ஒரு சின்ன அம்புக்குறி வேறு.

நான் சென்னையில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எந்த நாட்டில் பொருளாதாரம் எப்படிப் போகிறது, அங்கே கடை விரித்தால் என்னென்ன ஆபத்து என்று எழுதிக் கொடுப்பதுதான் வேலை. பச்சை, மஞ்சள், சிவப்பு. எங்கள் தொழிலில் இந்த நாடுகளுக்கு 'எமர்ஜிங் மார்க்கெட்' என்று பெயர். இந்தப் பெயரே விற்பனைக்காகப் பிறந்ததுதான். 1981-ல் உலக வங்கிக் குழுமத்தில் இருந்த அந்துவான் வான் அக்ட்மேல் என்பவர், 'மூன்றாம் உலக நாடுகளுக்கான நிதி' என்று சொன்னால் ஒருவரும் பணம் போட மாட்டார்கள் என்று உணர்ந்து இந்தச் சொல்லை உருவாக்கினார். ஏழை நாடு என்றால் பரிதாபம் வரும், எழுந்துவரும் சந்தை என்றால் ஆசை வரும் இல்லையா?

மியன்மார் விஷயத்தில் ஆசைப்பட்டது நான் மட்டுமில்லை. 2011-க்குப் பிறகு உலகமே அங்கே போனது. நார்வேயின் டெலினார் 2014-ல் செல்போன் சேவை தொடங்கியது. யாங்கூனில் பங்குச் சந்தை திறந்தார்கள். ஆட்சிக் கவிழ்ப்புக்கு அடுத்த வருஷமே டெலினார் அந்தக் கடையை விற்றுவிட்டு வெளியேறியது. பெரிய கம்பெனிகளுக்கே இந்தக் கதி என்றால் நான் எந்த மூலை என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனாலும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. எனக்கு முன்னால், எக்செல் ஷீட்டும் சாட்டிலைட் படமும் இல்லாத காலத்தில், இதே நாட்டை எண்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து அளந்தவர்கள் நம்ம ஊர்க்காரர்கள். அவர்கள் என்ன பார்த்தார்கள், எதைப் பார்க்காமல் விட்டார்கள்?

*

கூட வேலை பார்க்கும் நண்பனின் சொந்த ஊர் காரைக்குடிக்குப் பக்கத்தில். 2022 தை மாதம் அவனோடு அங்கே போனேன். செட்டிநாட்டு வீடுகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். முன்வாசலில் நுழைந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். பர்மாத் தேக்கில் தூண்கள். என் இரண்டு கைகளாலும் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். பாதி அறைகள் பூட்டிக் கிடந்தன.

நண்பனின் அப்பத்தாவை ஊரே ஆச்சி என்றுதான் கூப்பிடுகிறது. எண்பத்து நாலு வயது. வளவுத் திண்ணையில் உட்கார்ந்து என்னை விசாரித்தார்.

"தம்பிக்கு என்ன உத்தியோகம்?"

"எந்த நாட்டுல பணம் போட்டா திரும்பி வரும், எந்த நாட்டுல வராதுன்னு எழுதிக் குடுக்கறது ஆச்சி."

ஆச்சி சிரித்தார். "அது எங்களுக்குத் தெரிஞ்சிருந்தா இந்த வீட்டுக்கு இந்நேரம் வெள்ளையடிச்சிருப்பமே."

அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, பர்மாவில் டெல்டாப் பகுதிச் சிற்றூர் ஒன்றில் வட்டிக்கடை வைத்திருந்தவர். மரப்பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். உள்ளே துணி சுற்றிய பேரேடுகள். பக்கத்துக்குப் பக்கம் மேலே பிள்ளையார் சுழி, சிவமயம், தமிழ் வருஷம், மாதம், தேதி. கீழே கடன்காரர் பெயர்கள். மவுங் என்றும் கோ என்றும் மா என்றும் தொடங்கும் பர்மியப் பெயர்கள், தமிழ் எழுத்தில். எத்தனை ஏக்கர், எத்தனை ஜோடி மாடு, எந்த ஆற்றங்கரை, போன வருஷம் எத்தனை நூறு கூடை நெல் கண்டது என்பதெல்லாம் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இருந்தது.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் ஒரு நாட்டுக்கு ஒரு நிறம் கொடுக்கிறேன். இந்த மனிதர் ஒவ்வொரு குடியானவனுக்கும் ஒரு அறிக்கை எழுதி வைத்திருக்கிறார்.

*

கொஞ்சம் பின்னால் போய்விட்டு வரலாம்.

கீழ் பர்மாவை 1852 போரில் ஆங்கிலேயர் பிடித்தபோது ஐராவதி டெல்டாவின் பெரும்பகுதி காடும் சதுப்பும்தான். நெல் விளைந்த நிலம் பத்து லட்சம் ஏக்கருக்கும் குறைவு. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல் பாதை சுருங்கியதும் அரிசிக்குப் பெரிய சந்தை கிடைத்தது. 1877-ல் ரங்கூனிலிருந்து புரோமுக்கு ரயில் ஓடியது. மேல் பர்மாவின் வறண்ட கிராமங்களிலிருந்து ஜனங்கள் தெற்கே இறங்கி, காட்டை வெட்டி எரித்து, மலேரியாவில் செத்துப் பிழைத்து வயலாக்கினார்கள். 1930-களில் அங்கே நெல் நிலம் 85 லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. வருஷத்துக்குச் சுமார் 30 லட்சம் டன் அரிசி கப்பலேறியது. உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு அதுதான்.

காட்டை வெட்டுகிறவனுக்கு முதல் அறுவடை வரும்வரை சாப்பாடு வேண்டும், மாடு வேண்டும், கூலி கொடுக்க வேண்டும். ஆங்கிலேய வங்கிகள் கோட்டு போட்ட ஏற்றுமதிக்காரருக்குக் கடன் கொடுக்கும். முழங்கால் சேற்றில் நிற்கிற பர்மியக் குடியானவனை அவை திரும்பிக்கூடப் பார்க்காது. அந்த இடைவெளியில் போய் உட்கார்ந்தவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். சென்னை ராணுவத்தின் பின்னாலேயே மோல்மேன் வரை போயிருந்தவர்கள், ரயிலும் படகும் போன இடமெல்லாம் கடை திறந்தார்கள். அவர்கள் பாஷையில் இதற்குப் பெயர் கொண்டு விற்கப் போவது.

அவர்களுக்கு வழி திறந்தது ஒரு சட்டம். 1876 நிலச் சட்டப்படி, ஒருவன் 12 வருஷம் தொடர்ந்து நிலத்தை அனுபவித்து வரி கட்டி வந்தால் அது அவனுக்குச் சொந்தம். விற்கலாம், அடமானம் வைக்கலாம். மன்னர் காலத்து வழக்கத்தில் நிலம் குடும்பத்தோடு ஒட்டியிருந்தது. விற்றாலும் மீட்டுக்கொள்ளும் உரிமை இருந்தது. புதுச் சட்டத்தில் நிலம் ஈடாகக் காட்டக்கூடிய ஒரு தாளாக மாறிவிட்டது. ஈடு இருந்தால் கடன் பயமில்லாமல் போகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் அறிக்கையில் முதல் பக்கத்தில் வருவது நாணய ஆபத்து, சட்ட ஆபத்து. செட்டியாருக்கு இரண்டும் இல்லை. அப்போது பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம். காரைக்குடியில் செல்லும் ரூபாய்தான் ரங்கூனிலும் செல்லும். பிராது கொடுத்தால் அதே ஆங்கிலச் சட்டத்தில் நடக்கிற கோர்ட்டு. கடல் தாண்டிப் போனார்களே தவிர, அவர்கள் கணக்கில் அது வெளிநாடே இல்லை.

*

அவர்கள் எப்படி வேவு பார்த்தார்கள் என்பதுதான் என்னை அதிகம் வியக்க வைத்தது.

முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். பர்மாக் கடையை நடத்துவது மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். பையனாகப் போனவன் வட்டிக் கணக்கும் பர்மியப் பேச்சும் கற்றுக்கொண்டு ஒரு நாள் மேலாள் ஆவான். பிறகு தானே முதலாளி ஆவதும் உண்டு. மேலாளுக்கு மூன்று வருஷக் கெடு. கெடு முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊருக்கு வந்துவிட வேண்டும். புதிதாக வருகிறவர் கடன்காரர் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துச் சரிபார்ப்பார். பழையவர் நட்புக்காகவோ சோம்பலுக்காகவோ விட்டுவைத்த வாராக்கடன் இப்போது வெளியே வரும். இன்றைக்கு வங்கிகள் அதிகாரிகளை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுவதும் இதே காரணத்துக்குத்தான்.

எழுத்து வேலைக்கும் குறைவில்லை. அன்றன்றைய வரவு செலவு குறிப்பில் ஏறும். அங்கிருந்து பேரேட்டுக்குப் போகும். அதிலிருந்து ஐந்தொகை போட்டு ஊருக்கு அனுப்புவார்கள். கூடவே கடிதம் போகும்: மழை எப்படி, நடவு முடிந்ததா, மில்லில் என்ன விலை கேட்கிறார்கள், பக்கத்து ஊரில் எந்தக் கடை யாருக்கு அதிகமாகக் கொடுத்துவிட்டு முழிக்கிறது என்று. முதலாளி வளவுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே ஆயிரத்துச் சொச்சம் மைலுக்கு அப்பால் பெய்த மழையைத் தெரிந்துகொண்டார்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே நடப்பு வட்டி. ரங்கூன் மொகல் தெரு நகரத்தார் கோயிலில் மாதம் ஒருமுறை கூடுவார்கள். இன்றைக்கு அந்தத் தெருவுக்கு ஷ்வே பொந்தா என்று பெயர். நகரத்தார் தங்களுக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்கு இந்த மாதம் என்ன வட்டி என்று அங்கே பேசி முடிப்பார்கள். நடவுக்காலத்தில் பணத்துக்குக் கிராக்கி என்றால் ஏறும். அறுவடை முடிந்து பணம் திரும்பி வந்தால் இறங்கும். வங்கிகள் என்ன விகிதத்தில் தருகின்றன என்பதும் அந்தப் பேச்சில் சேரும். தவணை வைப்புகளின் வட்டி இதை வைத்துத்தான் நிர்ணயமாகும். ரிசர்வ் வங்கி 1935-ல்தான் வந்தது. அதற்கு எத்தனையோ வருஷம் முன்பே முருகன் சன்னதியில் ஒரு பணக் கொள்கைக் குழு கூடிக் கலைந்துகொண்டிருந்தது.

1929-30-ல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது செட்டியார் கடைகள் சுமார் 1,650. போட்டிருந்த பணம் சுமார் 75 கோடி ரூபாய். அதில் மூன்றில் இரண்டு பங்கு விவசாயக் கடன். கிராமத்து லேவாதேவிக்காரரைவிடச் செட்டியார் வட்டி குறைவு என்பதையும், அவர்கள் இல்லாவிட்டால் டெல்டாவில் உழவே நடக்காது என்பதையும் குழு ஒத்துக்கொண்டது. அதே குழுவின் முன் சாட்சி சொன்ன கரேன் இனத்தவர் ஒருவர் செட்டியாரை நெருப்புக் கக்கும் டிராகனுக்கு ஒப்பிட்டார். குழு இரண்டையும் பதிவு செய்தது. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் முதலாவதை அட்டவணையில் போட்டிருப்பேன், இரண்டாவதை 'உள்ளூர் உணர்வுகள்' என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். மியன்மாரைப் பற்றி அப்படித்தான் எழுதியிருந்தேன்.

*

ஆச்சி வீட்டுப் பேரேடு ஒன்றில் பிரமோதூத வருஷம் தை மாதத்துப் பக்கங்களைப் பிரித்தேன். ஆங்கிலக் கணக்கில் 1931 ஜனவரி பின்பாதியும் பிப்ரவரி முன்பாதியும். அறுவடை முடிந்து கடன் திரும்பி வருகிற மாதம். வரவுப் பத்திகள் வெறுமையாகக் கிடந்தன. சில மாதம் தள்ளி ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வந்தது: 'வயல் எழுதி வாங்கியது.' ஒரு பக்கத்தில் அதையே நாலு தடவை எண்ணினேன்.

நெல் விலை 1920-களின் பின்பாதியிலேயே மெல்லச் சரியத் தொடங்கியிருந்தது. உலகம் முழுக்க தானியம் தேங்கிக் கிடந்தது. விலையைச் சேர்ந்து பேசி வைத்துக்கொள்ள நாலு ஐரோப்பிய மில் கம்பெனிகள் 1921 முதலே கூட்டு சேர்ந்திருந்தன. 1929-ல் நியூயார்க் பங்குச் சந்தை விழுந்து, பெருமந்தம் உலகமெல்லாம் பரவி, 1930 கடைசியில் புது நெல் சந்தைக்கு வந்தபோது, நூறு கூடை நெல்லின் விலை நாலைந்து வருஷத்துக்கு முன் இருந்ததில் பாதிக்கும் கீழே போய்விட்டது. கடன் மட்டும் பழைய விலையில் வாங்கிய கடன். வரியும் குறையவில்லை. வங்கிகள் செட்டியாருக்குத் தந்துவந்த பணத்தை இறுக்கின. செட்டியார் குடியானவனை இறுக்கினார். அவனிடம் கொடுப்பதற்கு நிலம் மட்டும்தான் மிச்சம்.

கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1937-ல் அது 25 சதவீதம், கிட்டத்தட்ட 25 லட்சம் ஏக்கர். ஏழே வருஷம்.

அவர்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டார்கள் என்று சொல்ல முடியாது. லேவாதேவிக்காரனுக்கு வேண்டியது புரளும் பணம். மூன்று வருஷத்தில் ஊர் திரும்ப வேண்டிய மேலாள் சேற்று வயலை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? விற்கலாம் என்றால் வாங்க ஆளில்லை.

இந்த இடத்தில்தான் எனக்குப் பிடிபட்டது. அவர்களுடைய வேவு அமைப்பு ஒவ்வொரு கடன்காரனையும் தனித்தனியாக அளந்தது. இவன் சூதாடுவானா, அவன் மாடு நல்ல மாடா, இந்த ஆற்றங்கரையில் வெள்ளம் வருமா என்று. அந்த அளவில் அதில் பழுதே இல்லை. ஆனால் ஆயிரக்கணக்கான கடன்களும் ஒரே பயிரின் மேல், ஒரே விலையின் மேல் நின்றன. விலை விழுந்தால் யோக்கியனும் சூதாடியும் ஒரே நாளில் திவால். ஈடாக வைத்த நிலமும் அதே நெல்லைத்தானே விளைவிக்கிறது? நெல்லுக்கு விலையில்லை என்றால் நிலத்துக்கும் இல்லை. மொத்தமாகக் கூட்டிப் பார்க்கிற ஒரு பேரேடு எவரிடமும் இல்லை. 2008-ல் அமெரிக்க வீட்டுக் கடன்களிலும் ஏறக்குறைய இதுதான் நடந்தது. நூறு வீடுகள் இருந்தால் நூறும் ஒன்றாகவா விலை இறங்கும் என்று நம்பிப் பணம் போட்டார்கள். இறங்கியது.

*

இன்னொரு ஆபத்து எந்தப் பேரேட்டிலும் ஏறவே முடியாதது. அது செட்டியாரைப் பற்றியது.

1931 கணக்கெடுப்பில் பர்மாவில் இந்தியர் பத்து லட்சத்துக்குச் சற்று மேல். ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்தான். துறைமுகக் கூலி, ரிக்‌ஷாக்காரர், தோட்டி, குமாஸ்தா, போலீஸ்காரர் எல்லாரும் சேர்ந்த எண்ணிக்கை இது. செட்டியார்கள் அதில் சில ஆயிரம் பேர். ஆனால் நிலம் இழந்த பர்மியனின் கண்ணுக்கு இந்தியன் என்றால் ஒரே முகம்.

1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குப் பதிலாகப் பர்மியரைச் சேர்த்தார்கள். நிறுத்தம் முடிந்ததும் பர்மியரைப் போகச் சொல்லிவிட்டார்கள். கலவரம் வெடித்தது. செத்தவர்கள் நூறு பேருக்கு மேல், பெரும்பாலும் கூலிக்காரர்கள். அதே வருஷம் டிசம்பர் 22-ல் தாராவதியில் சாயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ச்சி. வரியும் கடனும் கழுத்தை நெரித்த கிராமங்கள் வாளையும் வேலையும் தூக்கின, துப்பாக்கிக்கு எதிரே மந்திரத் தாயத்துகளைக் கட்டிக்கொண்டு நின்றன. அடக்க ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆனது. சாயா சானை 1931 நவம்பரில் தூக்கிலிட்டார்கள்.

இதற்கப்புறம்தான் பெரும்பாலான நிலம் செட்டியார் பெயருக்கு மாறியது என்பதைக் கவனிக்க வேண்டும். எச்சரிக்கை அடித்த பிறகும், கடனை வசூலிக்க நிலத்தை எழுதி வாங்குவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியாக அது நியாயமான முடிவு. ஆயிரத்து அறுநூறு கடைகளும் அதையே செய்தபோது, கடன் கொடுத்தவர்கள் நாட்டின் மிகப் பெரிய ஜமீன்தார்கள் ஆகிவிட்டார்கள். பணத்துக்குப் பாதுகாப்பு என்று வாங்கிய நிலம்தான் அவர்களை வெளியேற்றக் காரணமாயிற்று. சந்தையை வெளியே நின்று அளக்கிறோம் என்று நினைத்தவர்கள், அதன் நடுவிலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

*

எவருமே கண்டுகொள்ளவில்லை என்று சொன்னால் அது தப்பு.

1900-த்தில் மோல்மேனில் வட்டிக்கடை தொடங்கிய திவான் பகதூர் ஏ.எம். முருகப்ப செட்டியார் குடும்பம், போர் வருவதற்கு முன்பே 1930-களில் தொழிலை இந்தியாவுக்கு நகர்த்திக்கொண்டது. இன்றைய முருகப்பா குழுமம் அப்படி மிஞ்சியதுதான். எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இன்னொரு வழியைப் பார்த்தார். தனிக்கடை லேவாதேவியின் காலம் முடிகிறது, பங்குதாரர் வங்கியாக மாற வேண்டும் என்று 1937 பிப்ரவரி 10-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறப்பு.

அடுத்த ஐம்பதாம் நாள், 1937 ஏப்ரல் 1, பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி அரசாயிற்று. போட்ட பணம் இருந்த இடத்திலேயே இருந்தது. எல்லைக்கோடு நகர்ந்து வந்து அதை வெளிநாட்டில் வைத்துவிட்டது. புதுச் சட்டசபை குத்தகைதாரரைக் காக்கவும், நிலம் விவசாயி அல்லாதவர் கைக்குப் போவதைத் தடுக்கவும் சட்டங்கள் போட்டது. பர்மியர் பக்கத்திலிருந்து பார்த்தால் இதில் அநியாயம் ஒன்றுமில்லை. தாத்தா மலேரியாவில் செத்துத் திருத்திய வயலில் பேரன் குத்தகைக்கு உழுகிறான். எந்த நாட்டில் அதைப் பொறுத்துக்கொள்வார்கள்? நம்ம தஞ்சாவூரில் பொறுத்துக்கொண்டார்களா?

1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்தது. அடுத்த மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் போனார்கள். கிடைக்காத லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே காலராவிலும் பசியிலும் செத்தார்கள். 1948 ஜனவரி 4 சுதந்திரம். அதே வருஷம் நில தேசியமயச் சட்டம். நஷ்டஈட்டுக்கு எத்தனையோ மனு போட்டும் கைக்கு வந்தது சொற்பம். 1962-ல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963-ல் வங்கிகளும் 1964-ல் கடைகளும் அரசுடைமை. சுமார் மூன்று லட்சம் இந்தியர் வெளியேறினார்கள். அவர்களில் தமிழ்நாட்டுக்கு வந்தவர்களுக்காக ஊருக்கு ஊர் பர்மா காலனி, சென்னைக் கடற்கரையில் பர்மா பஜார். இரண்டாவது கடற்கரைச் சாலையில் நின்று நாம் அத்தோ சாப்பிடுகிறோமே, அது இந்தக் கணக்கின் கடைசி வரி. செட்டியார்களில் பெருந்தனக்காரருக்குத் திரும்பி வர வேறு முதல் இருந்தது. மூட்டை தூக்கியவனுக்கும் பெட்டியடிப் பையனுக்கும் அது இல்லை.

*

"அப்பச்சி நடந்துதான் வந்தாக" என்றார் ஆச்சி. "எனக்கு நாலு வயசு. வாசல்ல தாடியும் எலும்புமா ஒரு ஆளு. யாரு ஆத்தா இதுன்னு கேட்டேனாம். அவுக நகைநட்டு ஒண்ணும் கொண்டு வரல. பத்திரத்தையும் இந்த ஏட்டையும் மட்டும் இடுப்புல கட்டிக்கிட்டு வந்தாக."

"அப்புறம் அந்தப் பத்திரத்துக்கு ஏதாவது கிடைச்சுதா ஆச்சி?"

"என்னத்தக் கெடைக்கும். வருசா வருசம் சரசுவதி பூசைக்கு எடுத்து வச்சுக் கும்புட்டாக. ஏக்கர் எத்தனைன்னு ஒரு தரம் கூட்டிப் பாப்பாக. அறுபத்தி நாலுல எல்லாம் போச்சுன்னு பேப்பர்ல வந்த வருசம் கூட்டல. கட்டிப் பரண்ல போட்டுட்டாக."

கொஞ்ச நேரம் கழித்து, பேரேட்டைத் தடவிக்கொண்டே கேட்டார். "ஏந்தம்பி, நீங்க அந்த நாட்டப் பத்தித்தானே எழுதுறீக. இந்த வயல்ல எல்லாம் இப்ப யாரு வெள்ளாம பண்றா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நிலம் அரசாங்கத்துக்குச் சொந்தம், விவசாயிக்கு உழும் உரிமை மட்டும், அதையும் பல இடங்களில் ராணுவமும் கம்பெனிகளும் எடுத்துக்கொண்டார்கள் என்று. ஆச்சி தலையாட்டினார். "அப்ப அவனுக்கும் இல்லியா" என்றார்.

சென்னைக்குத் திரும்பும் ரயிலில் என் பழைய அறிக்கையை மறுபடி படித்தேன். 42 பக்கம். வளர்ச்சி விகிதம், அந்நிய முதலீடு, தேர்தல் முடிவு எல்லாம் இருந்தது. நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று ஒரு பத்திகூட இல்லை.

இப்போது எங்கள் படிவத்தில் ஒரு கேள்வி சேர்த்திருக்கிறேன். மேலாளர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, இதை எப்படி எண்ணாக மாற்றுவாய் என்றார். மாற்ற முடியாது சார், எழுத்திலேயே இருக்கட்டும் என்று வாதாடி வைத்துக்கொண்டேன். கேள்வி இதுதான்: நம் வாடிக்கையாளரின் பணம் திரும்பி வராவிட்டால் அவர் கைக்கு எது போய்ச் சேரும், அதை இழந்தவர் அவருக்கு எவ்வளவு பக்கத்தில் குடியிருப்பார்?

போன வாரம் வேறொரு நாட்டு அறிக்கை. சிறு விவசாயிகளுக்கு நில ஈட்டின் மேல் கடன் கொடுக்கும் ஒரு கம்பெனிக்காக. ஒரே பயிர், நல்ல விலை, வாராக்கடன் மிகக் குறைவு. இரண்டு மாதம் முன்னால் என்றால் யோசிக்காமல் பச்சை போட்டிருப்பேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மஞ்சளும் மேல்நோக்கி அம்பும் நிச்சயம் போட்டிருப்பேன். இந்த முறை அந்தக் கேள்விக்கு மூன்று பக்கம் எழுதிவிட்டு, நிறத்துக்கான கட்டத்தை மட்டும் இன்னும் நிரப்பாமல் வைத்திருக்கிறேன். நாளைக்குள் அனுப்பியாக வேண்டும்.